என்னைத் தவிர யாரும் தொடக்கூடாது

ஒரு ஞாயிற்றுக்கிழமை, காபி ஆறுவதற்குள் உலகத்தைக் காப்பாற்றுவதென்று முடிவு செய்துவிட்டேன். டம்ளருக்கு அடியில் மடித்துக் கிடந்த பத்திரிகைத் துணுக்குதான் காரணம். மரக்கழிவைத் தகர அடுப்பில் நிரப்பி மேலிருந்து பற்றவைத்தால், அதிலிருந்து கிளம்பும் வாயு எரிந்து சமையல் ஆகிவிடுமாம். மிஞ்சுவது சாம்பல் அல்ல, கரி. அதை மண்ணில் புதைத்துவிட்டால், காற்றில் கலந்திருக்க வேண்டிய கார்பன் பல நூறு வருடம் அங்கேயே அடங்கிக் கிடக்குமாம்.

நான் பம்பு தொழிற்சாலையில் தரப் பரிசோதகர். குறை கண்டுபிடிப்பது தொழில். விதி எழுதி ஒட்டுவது வியாதி. இரண்டே வாரத்தில் எண்ணெய் டின்னைத் துளைத்து அடுப்பு செய்துவிட்டேன். தெருமுனை மரப்பட்டறையில் மரச்சில்லு இலவசம். அடுப்பைப் பின்வாசலில் வைத்து, கதவில் நோட்டீஸ் ஒட்டினேன்.

"ஒன்று: இந்த அடுப்பை என்னைத் தவிர யாரும் தொடக்கூடாது. இரண்டு: தீ எரியும்போது அடுப்பை விட்டு அகலக்கூடாது." கீழே கையெழுத்து, தேதி.

மனைவி அதை இரண்டு தடவை படித்தாள்.

"அப்போ சிலிண்டர்?"

"அதுக்கு ஓய்வு. இனிமே நம்ம வீட்டு கார்பன் வானத்துக்குப் போகாது. பூந்தொட்டிக்குப் போகும்."

"நான் தொட்டா என்னங்க?"

"தொடவே கூடாது. கடைசியில தீ சின்னதாகி நீலமா மாறும். அந்த நேரம் பாத்து மூடியைப் போட்டு அமுக்கணும். விட்டா கரி சாம்பலாயிடும், கார்பன் தப்பிச்சு ஓடிடும். அதுக்கெல்லாம் ஒரு கண்ணு வேணும்."

"எனக்கெல்லாம் அது எங்கே வரப்போகுது" என்று பெருமூச்சு விட்டாள். அந்தப் பெருமூச்சின் தரத்தை நான் அப்போதே பரிசோதித்திருக்க வேண்டும்.

மறுநாள் காலை ஆறு மணி. அடுப்பு ஜம்மென்று எரிந்தது.

"என்னங்க, அங்கேயேதானே நிக்கிறீங்க. பால் பொங்காம பாத்துக்குங்க."

பார்த்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள், "சும்மா நிக்கிற கைதானே, அந்த அரிசியைக் கழுவிப் போட்டுடுங்க" என்றாள். அடுத்த வாரம், "காய் நறுக்கினா நேரம் போறதே தெரியாதுங்க" என்றாள். உண்மைதான், நேரம் தெரியவில்லை. விரல் எது, காய் எது என்பதும் தெரியவில்லை. அதற்குப் பிறகு அவள் எதுவும் சொல்லவே இல்லை. நானாகவே உப்புப் போட்டேன். சந்தேகம் வந்து இன்னொரு தடவையும் போட்டேன்.

அந்த நேரத்தில் அவள் என் கண்ணில் படமாட்டாள். ஏழு மணிக்கு ஈரத் தலையோடு வந்து நிற்பாள்.

"தினமுமா தலைக்குக் குளிக்கிறே?"

"பூமி சூடாகுதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

என் பிரசாரம் வீட்டிலேயே பலித்ததே என்று பூரித்துப் போனேன்.

ஒரு மாதம் ஓடியது. பதினொரு பூந்தொட்டியில் கரி சேர்ந்தது. என் புருவத்தில் பாதி போய்விட்டது. மகளோ டிபன் டப்பாவை அப்படியே திருப்பிக் கொண்டுவந்தாள். அடுப்பு வேலையை ராஜினாமா செய்வதென்று தீர்மானித்தேன்.

"சோதனை வெற்றி! நாளையிலேருந்து நீ சிலிண்டர்லயே சமைச்சுடு."

"அப்போ கார்பன்?"

"நாம பிடிச்சது போதும். மத்தவங்களும் கொஞ்சம் பிடிக்கட்டும்."

அவள் முகம் விழுந்துவிட்டது. ஏனென்று கேட்பதற்குள் எதிர்வீட்டு நர்ஸ் ஒரு துண்டோடு உள்ளே வந்தாள்.

"அக்கா, துண்டை நீச்சல்குளத்துலயே விட்டுட்டீங்க! அண்ணா, விஷயம் தெரியுமா? அக்கா இன்னிக்கு நடுவுல நிக்காம முழு நீளமும் நீந்திட்டாங்க!"

எனக்குத் தெரியாது. நர்ஸ் துண்டை அவளிடம் கொடுத்துவிட்டுப் போனாள்.

"நாப்பத்தாறு வயசுல நீச்சலான்னு சிரிப்பீங்க, அதான் சொல்லலை" என்றாள். "கல்யாணமான நாள்லேருந்து எனக்கு அடுப்படியிலதான் பொழுது விடியுது. இந்த ஒரு மாசம் தண்ணியில விடிஞ்சுது. போகட்டும், விடுங்க. நாளைக்கு சிலிண்டரைத் திறந்துக்கறேன்."

இருபத்திரண்டு வருடமாக அந்த ஆறு மணிக்கு நான் போர்வைக்குள் இருந்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

"சிலிண்டரைத் திறப்பியா? நோட்டீசைப் படிச்சியா, இல்லையா?" என்று ஒரு அதட்டல் போட்டேன். முதல் விதியில் 'இந்த அடுப்பை' என்பதை அடித்து, 'எந்த அடுப்பையும்' என்று எழுதினேன். "காலையில ஆறுலேருந்து ஏழு வரைக்கும் என்னைத் தவிர யாரும் தொடக்கூடாது. ஓடு, துண்டைக் காயப்போடு."

அவள் சிரித்தாள். கண் கலங்கச் சிரித்தாள். அந்த வாரம் முழுக்க நான் மகா பெரிய மனுஷனாக நடமாடினேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. காபி டம்ளரை எடுத்தேன். அடியில் ஒரு பத்திரிகைத் துணுக்கு, முன்பு கிடந்தது போலவே நாலாக மடித்து.

"மிதித்தே துணி துவைக்கும் சைக்கிள் இயந்திரம்: நீங்களே செய்யலாம்!"

முதல் துணுக்கும் காற்றில் பறந்து வந்து டம்ளருக்கு அடியில் உட்காரவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. பின்வாசலுக்கு ஓடினேன். மகளின் பழைய சைக்கிள் பளபளவென்று துடைக்கப்பட்டு நின்றது.

சீட்டு என் உயரத்துக்கு ஏற்றப்பட்டிருந்தது.