மெசினுக்குள் ஒரு தனிக்குடித்தனம்

வியாழக்கிழமை காலையில், இட்லித் தட்டை ஓரமாகத் தள்ளிவிட்டுத் தனபால் சபதம் போட்டார்.

"இந்த ஊட்டுக்குள்ள இன்னொரு கம்ப்யூட்டர் வந்துதுன்னா, என்ற பேரை மாத்தி வெச்சுக்கறேன்!"

"என்ன பேருங்க?" என்றாள் மைதிலி, சட்னிக் கரண்டியோடு.

"நீ என்ன வெக்கறயோ அது!"

சபதம் போடுகிறவன் இவ்வளவு விவரமாகப் போடக் கூடாது. பழைய லாரி வாங்கி விற்கிற மனுசனுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். ஆனால் கோபம் வந்துவிட்டால் தனபாலுக்குப் பிரேக் பிடிக்காது.

கிளீனராக வண்டி ஏறி, டிரைவராகி, மூன்று லாரிக்கு முதலாளியாகி, இடுப்பு வலி வந்து மூன்றையும் விற்று, இப்போது சேலத்தில் லாரி புரோக்கர். பள்ளிக்கூடம் ஏழாவது வரைக்கும். மிச்சப் படிப்பெல்லாம் செக்போஸ்ட்டில். ஊரில் மற்றவர்கள் லாரி நெற்றியில் சாமி பேர், பிள்ளை பேர், பெண்டாட்டி பேர் என்று எழுதிப் பக்கத்தில் 'துணை' போட்டுக்கொள்வார்கள். தனபாலின் மூன்று வண்டியிலும் ஒரே பேர்தான்: தனபால். முதல் வண்டி எடுத்தபோது, "என்ற பேரையும் ஒரு ஓரமா எழுதுங்களேன்" என்று மைதிலி கேட்டாள். "ஓட்டறது நானு. துணைக்கு நீ எதுக்கு?" என்றார். மைதிலி ஒன்றும் சொல்லாமல் விட்ட அன்றைக்கே உஷாராகியிருக்க வேண்டும். அது செக்போஸ்ட் பாடத்தில் வரவில்லை.

லாரி போனாலும் ஓட்டுகிற அரிப்பு போகுமா? மேஜையில் ஸ்டியரிங், காலடியில் கிளட்ச், எதிரே கம்ப்யூட்டர். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு, அவரையும் சேர்த்து, வண்டியை விட்டிறங்கிய நாற்பது டிரைவர்கள் அவரவர் வீட்டில் உட்கார்ந்துகொண்டே கேமில் வரிசையாக லாரி ஓட்டுவார்கள். இந்த ஞாயிறு முதல் வண்டி தனபாலுடையது. ஆட்டையாம்பட்டிப் பொன்னனோடு மூன்று வாரம் மல்லுக்கட்டி வாங்கிய பதவி. பத்து மணிக்கு ஒரு நிமிசம் தாண்டினாலும் தலைமை பொன்னனுக்கு என்று ஒப்பந்தம்.

இதே கம்ப்யூட்டரில்தான் மைதிலியும் வேலை பார்த்தாள். கட்டாத வீட்டைக் கட்டியது போலப் படமாக்கி, வாசல் வழியாக நுழைந்து மொட்டைமாடி வரைக்கும் சுற்றிக் காட்டுவாள். சேலத்து இஞ்சினியர்கள் வரிசையில் நின்றார்கள். அவள் உட்கார்ந்தால் இவர் எழுப்புவார். இவர் உட்கார்ந்தால் அவள் எழுப்புவாள். அதனால்தான் இன்னொரு கம்ப்யூட்டர் கேட்டாள். அதனால்தான் சபதம்.

"சரிங்க, வேண்டாம்" என்றாள் மைதிலி. "ஒரே மெசின்ல ரெண்டு குடித்தனம் வெச்சுக்கலாமுங்க. மெசினுக்குள்ளயே இன்னொரு மெசினு. விர்ச்சுவல் மெசினுன்னு பேரு. கண்ணுக்குத் தெரியாது, ஆனா தனித்தனியா உக்காந்து வேலை பார்க்கலாம். மெயினு எனக்கு. உள்ள இருக்கறது உங்களுக்கு."

தனபாலின் காது விடைத்தது. தொழிலில் அவருக்கு ஒரு சட்டம் உண்டு. எதிராளியின் கண் எந்த டயர் மேல் விழுகிறதோ அதுதான் நல்ல டயர். முதலில் அதைப் பிடி.

"ஏம் புள்ள, ஊடு யாருது? மெயினு எனக்கு. நீ உள்ள குடக்கூலிக்கு இரு."

"போங்க மாமா!" மைதிலியின் முகம் தொங்கிவிட்டது. "அப்ப ஏசி ரூமு மேசையாச்சும் எனக்கு."

"முடியாது."

"சுத்தற சேரு?"

"இடுப்பு வலி எனக்கா உனக்கா?"

அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். சமையலறை வாசலில் நின்று, திரும்பிக்கூடப் பாராமல் சொன்னாள். "கிராபிக்ஸ் கார்டுன்னு உள்ள ஒரு பலகை கெடக்குதுங்க. அதையாச்சும் என்ற மெசினுக்கு நேராக் குடுத்துருங்க. ஊட்டுக்காரரு நடுவுல கை வெக்கக் கூடாது. தனி மீட்டர் மாதிரி."

தனி மீட்டர்! தனபாலுக்கு மனசு இளகியது. அம்மாபேட்டையில் குடியிருந்த காலத்தில், ஒன்பது மணி அடித்தால் ஃபேனை நிறுத்திவிடுகிற வீட்டுக்காரனோடு அவர் போட்ட சண்டை கொஞ்சமா? தவிர, வியாபாரம் படிந்த பிறகு ஜாக்கியும் ஸ்பேனரும் சும்மா கொடுப்பதுதான் மரியாதை.

"எடுத்துக்க" என்றார், கர்ணனைப் போல.

வெள்ளிக்கிழமை அஸ்தம்பட்டியிலிருந்து தேவிப்ரியா வந்தாள். கம்ப்யூட்டர் கடை வைத்திருப்பவள். மைதிலியோடு காலேஜில் படித்தவள். இரண்டாவது திரையைச் சாப்பாட்டு மேஜையில் வைத்தாள், ஒயரை மாட்டினாள், மூன்று மணி நேரம் தட்டினாள்.

"ஏனுங்ண்ணா, ஒண்ணு சொல்லீர்றேன். இந்த மெசின்ல படங் காட்டறதுக்கு வேற வசதி இல்லீங்க. கார்டு அக்கட்ட போயிட்டா, இக்கட்ட..."

"அம்மிணி! லாரியைப் பத்தி நானு உனக்குச் சொல்றனா? பேசுனது பேசுனதுதான். ஊட்டுக்காரன் நானு, கார்டு அவளுக்கு. மாட்டு."

தேவிப்ரியா மைதிலியைப் பார்த்தாள். மைதிலி காப்பி ஆற்றிக்கொண்டிருந்தாள். தேவிப்ரியா மாட்டினாள்.

சனிக்கிழமை முழுக்கத் தனபால் சங்ககிரியில் ஒரு பழைய டாரஸ் லாரிக்கு விலை பேசினார். ஞாயிறு ஒன்பதரைக்குக் குளித்து, திருநீறு பூசி, சுழலும் நாற்காலியில் அமர்ந்து, திரையின் பட்டனை அழுத்தினார். பெட்டி நேற்றிலிருந்தே உறுமிக்கொண்டிருந்தது. விசிறி சுழன்றது. ஆனால் திரையில் கும்மிருட்டு. 'சிக்னல் இல்லை' என்று ஒரு பொட்டு வெளிச்சம், அதுவும் அணைந்தது.

தட்டினார். பெட்டியின் விலாவில் ஒரு அறை விட்டார். பழைய லாரியாக இருந்தால் கிளம்பியிருக்கும்.

சாப்பாட்டு மேஜையில் மைதிலியின் திரை ஜொலித்தது. ஒரு மாளிகை. வாசலில் காகிதப்பூ காற்றில் ஆடியது.

"ஏம் புள்ள! என்றது இருட்டாக் கெடக்குது?"

"மெயினு ஓடிக்கிட்டுத்தானுங்க இருக்குது. அது ஓடறதாலதான் என்றது ஓடுது."

"ஓடறது எனக்குத் தெரியலையே!"

"படங் காட்டறது கார்டுங்க. அது என்கிட்ட இருக்குது. ஊடு முழுக்க உங்களுதுதான். லைட்டு மட்டும் குடித்தனக்காரியோடது."

"அப்ப நிறுத்து உன்றதை!"

"நேத்து மத்தியானத்துல இருந்து படம் உருவாயிட்டிருக்குதுங்க. பாதியில நிறுத்துனா அத்தனையும் போச்சு. பன்னண்டு மணிக்கு இஞ்சினியரு கேக்கறாரு."

போன் அடித்தது. பொன்னன்.

"ஏப்பா லீடரு! முப்பத்தொம்பது வண்டி டோல்கேட்ல நிக்குது. முதல் வண்டியைக் காணமே? ஊட்டுல பாத்திரம் வெளக்கறயா?"

"வாரேன்டா!" என்று கத்திவிட்டுப் போனை வைத்தார். மணி ஒன்பது நாற்பது. மீசை துடித்தது.

"வேற வழியே இல்லையா புள்ள?"

"ஒண்ணு இருக்குதுங்க." மைதிலி யோசித்தாள். "வேண்டாம் உடுங்க. நீங்க சபதம் போட்டுட்டீங்க. பொன்னண்ணனே முன்னால போகட்டும்."

அந்தக் கடைசி வாக்கியம்தான் தனபாலின் கழுத்தைப் பிடித்துத் தள்ளியது. தேவிப்ரியாவுக்குப் போன் போட்டார். புதுக் கம்ப்யூட்டர், உடனே. அந்த அவசரத்திலும் பேரம் விடவில்லை. ஒரே மூச்சில் ஐயாயிரம் குறைத்தார். யானையை அடக்கியது போல இருந்தது.

நாலே நிமிசத்தில் வாசல் மணி அடித்தது. தேவிப்ரியா பெட்டியோடு நின்றாள்.

"அஸ்தம்பட்டியில இருந்து நாலு நிமிசத்துலயா?"

"முக்குப் பேக்கரியில டீ குடிச்சிட்டிருந்தனுங்ண்ணா. ஒம்பதே முக்காலுக்குள்ள கூப்புடுவீங்கன்னு மைதிலி சொன்னா."

"லாரி கேமு ஏத்தணுமே?"

"வியாழக்கிழமையே ஏத்தியாச்சுங்க."

வியாழக்கிழமை. இட்லி. சட்னிக் கரண்டி. தனபாலுக்கு ஏதோ புரிகிற மாதிரி இருந்தது. "புதுசை நீங்களே வெச்சுக்கங்க, எனக்குப் பழசே போதும்" என்று மைதிலி வேறு சொன்னாள். சாதாரண நாளாக இருந்தால் தன் டயர் சட்டத்தை எடுத்து அதை உரசிப் பார்த்திருப்பார். மணி ஒன்பது ஐம்பத்தெட்டு.

உட்கார்ந்தார். திரை பளிச்சென்று விரிந்தது. பத்து அடிக்கும்போது தனபாலின் லாரி டோல்கேட்டைத் தாண்டியது, முதல் வண்டியாக. பின்னால் முப்பத்தொன்பது வண்டி. கண் கலங்கிவிட்டது மனுசனுக்கு. எது எப்படிப் போனாலும் தலைமை தலைமைதான்!

முதல் வளைவில் பின்னால் ஹாரன் கேட்டது. ஒன்று, இரண்டு, பத்து. அப்புறம் முப்பத்தொன்பதும். ஹெட்போனில் பொன்னனுக்குச் சிரித்துச் சிரித்து இருமலே வந்துவிட்டது.

"ஏப்பா லீடரு, பேரை எப்பப்பா மாத்துனே?"

தனபால் அண்ணாந்து பார்த்தார். அவர் லாரிக்கு மேலே, நாற்பது வீட்டுத் திரையிலும் தெரிகிற மாதிரி, மஞ்சள் எழுத்தில் மிதந்துகொண்டிருந்தது: 'மைதிலி துணை.'