சாப்பாட்டு மேசையில் நாலு வால்வு

கணக்கு வாத்தியார் சுவிட்சைப் போட்டார். பழைய ரேடியோவில் இருக்குமே, அந்தக் கண்ணாடி வால்வுகள் நாலும் செக்கச் செவேலென்று எரிந்தன. ஆனால் ஸ்பீக்கரில் பாட்டு வரவில்லை. "ங்ங்ங்ங்" என்று ஒரு முனகல்தான் வந்தது.

"என்னங்க, பல்லு வலி வந்த மாதிரி முனகுது?" என்றார் மனைவி.

வாத்தியார் தம் கையாலேயே செய்த, பவர் சப்ளையோடு சேர்ந்த ஆம்ப்ளிஃபயர் அது. மூன்று மாதமாகச் சாப்பாட்டு மேசை முழுவதும் அதற்குத்தான். புருஷனும் பெண்டாட்டியும் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டார்கள். அதுகூடப் பரவாயில்லை, அக்கா வருவதை நிறுத்தியதுதான் வாத்தியாரை வாட்டியது. முன்பெல்லாம் ஞாயிறு தவறாமல் அக்கா, அத்தான், மூன்று பிள்ளைகள் காலை பத்துக்கு வந்தால் ராத்திரிச் சாப்பாட்டை முடித்துக்கொண்டுதான் கிளம்புவார்கள். அவ்வளவு பாசம்!

"உக்கார இடமில்லாத வீட்டுக்கு எதுக்குடா வரணும்? முதல்ல பாட்டைப் போட்டு மேசையைக் காலி பண்ணு" என்று அக்கா கோபித்துக்கொண்டார். இந்த ஞாயிறுக்குள் முடிப்பதாக வாத்தியார் சத்தியமே செய்திருந்தார். இன்று வெள்ளி.

"அவசரப்படாதீங்க, கரண்டு விஷயம். தெரிஞ்சவங்களைக் கேட்டுச் செய்யுங்க" என்று வழக்கம்போல மனைவியே ரேடியோ மெக்கானிக்குக்கு ஃபோன் போட்டுக் கொடுத்தார். இப்படி ஒருத்தி யாருக்கு வாய்ப்பாள் என்று வாத்தியார் பெருமைப்பட்டார்.

"வால்வைச் சூடாக்கற ஹீட்டர் வயர் ரெண்டையும் எப்படி விட்டிருக்கீங்க சார்?" என்றார் மெக்கானிக்.

"புஸ்தகத்துல போட்டபடி, பின்னல் மாதிரி முறுக்கியிருக்கேன்."

"அதான் தப்பு! பிரிச்சு ரெண்டையும் தள்ளித் தள்ளி விடுங்க."

பிரித்தார். முனகல் இப்போது அலறலாக மாறியது.

சனிக்கிழமை காலை மறுபடி ஃபோன். "நாலு ஹீட்டரையும் தனித்தனியா இணைச்சிருக்கீங்களா? ஒண்ணோட வாலை இன்னொண்ணோட தலையில கோத்து விடுங்க சார்."

கோத்தார். அலறல் நின்றது. கூடவே வால்வுகளும் அணைந்த மாதிரிதான். கண்ணை இடுக்கிப் பார்த்தால் மங்கலாக ஏதோ தெரிந்தது.

"வால்வோட கால் பின்களை எந்தப் பக்கத்துலேர்ந்து எண்ணினீங்க?" என்று சாயங்காலம் கேட்டார் மெக்கானிக்.

"சாக்கெட்டுக்கு அடியிலேர்ந்து."

"அடடா, மேலேர்ந்து எண்ணணும் சார்!"

எண்ணினார், மாற்றிப் பற்றவைத்தார், சுவிட்சைப் போட்டார். "டப்!" மின்விசிறி நின்றது. ஃபிரிட்ஜ் நின்றது. மாடி வீட்டிலிருந்து ஒரு குரல் வந்தது: "யாருய்யா அது? ஷேவிங் மெஷின் நின்னுபோச்சு, பாதி மீசையோட நிக்கிறேன்!"

"விட்டுடுங்களேன். அடுத்த மாசம் நிதானமா பார்த்துக்கலாம்" என்று மனைவி ஆறுதல் சொன்னார்.

வாத்தியாருக்கு அழுகையே வந்தது. இருபது வருஷமாக அடுத்தவர் கணக்கைத் திருத்தியவர், நாலு வால்வுக்கு முன்னால் தோற்றுப்போவதா? ஞாயிறு விடிந்ததும் மெக்கானிக்கைக் கையோடு ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

மெக்கானிக்குக்கு வியர்த்தது. சமையலறைப் பக்கம் பார்த்தார், மேசையைப் பார்த்தார். வாத்தியார் நகருவதாக இல்லை. வேறு வழியில்லாமல் உட்கார்ந்து, பின்களை அடியிலிருந்து எண்ணி, ஹீட்டர்களைத் தனித்தனியாக இணைத்து, வயர்களைப் பின்னல் மாதிரி முறுக்கினார். பிறகு டிரான்ஸ்ஃபார்மரில் சும்மா தொங்கிய ஒரு வயரை எடுத்துப் பெட்டியின் தகட்டில் பற்றவைத்தார். முதலில் வந்த முனகலுக்குக் காரணமே அந்த ஒரு வயர்தான்.

"ஃபோன்ல எல்லாத்தையும் தலைகீழா சொன்னீங்களே?"

"அது... வேற மாடல்னு நெனச்சுட்டேன் சார்."

சுவிட்ச் போட்டதும் பாட்டு வந்தது. முனகல் இல்லை, இரைச்சல் இல்லை. வாத்தியார் துள்ளிக் குதித்தார். மேசையிலிருந்த பெட்டியைத் தூக்கி அலமாரியில் வைத்துவிட்டு, அக்காவுக்கு ஃபோன் போட மாடிப்படிக்கு ஓடினார். அங்கேதான் சிக்னல் கிடைக்கும்.

மெக்கானிக் பையை எடுத்துக்கொண்டு சமையலறை வாசலில் தயங்கி நின்றார்.

"மன்னிச்சுக்கோங்கம்மா. நீங்க சொன்ன மாதிரியே மூணு மாசமா ஃபோன்ல தப்புத் தப்பா சொல்லி இழுத்தடிச்சேன். இன்னிக்கு அவரு பக்கத்துலயே நின்னுட்டாரு, உங்க நாத்தனாரை இனிமே என்னால தடுக்க முடியாதும்மா."