துரை வயிற்றுக்கு நான் பொறுப்பல்ல

அன்புத் தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கு நான், உன் அண்ணி, மகன், மருமகள், பேத்தி அனைவரும் நலம். அந்த 'அனைவரும்' என்ற சொல்லில் உன் நாய் துரையைச் சேர்க்க முடியாததால்தான் இந்தக் கடிதம்.

பதறாதே, எழுந்து உட்கார்ந்துவிட்டான். நீ கிளம்பும்போது, "அண்ணா, அவன் தீனியைத் தவிர வேற எதுவும் குடுக்காதீங்க, வயிறு தாங்காது. உங்களை நம்பித்தான் விட்டுட்டுப் போறேன்" என்றாய். முப்பத்திரண்டு வருடம் தேர்வறையில் துண்டுச்சீட்டுப் பிடித்தவனுக்கு இது ஒரு வேலையா? அன்று மாலையே, 'மனிதர் உண்ணும் எதையும் துரைக்குத் தரமாட்டேன்' என்று ஒரு தாளில் எழுதி, எல்லோரிடமும் கையெழுத்து வாங்கி ஃப்ரிட்ஜில் ஒட்டினேன். பேத்திக்கு எழுத வராது, கைநாட்டு. அவள் விரலில் இருந்த ஜாமே மையாயிற்று. அந்தக் கைநாட்டைத் துரை நக்கியபோதே நான் விழித்துக்கொண்டிருக்க வேண்டும்.

ஐந்தாம் நாள் அவனுக்கு வாசல்வரை போக அவகாசம் கிடைக்கவில்லை. மற்றதை எழுதுவது கடிதத்துக்கு மரியாதை அல்ல; கூடத்துக் கம்பளம் இப்போது நம் வீட்டில் இல்லை, அவ்வளவுதான். குடும்பமே காரில் ஏறிக் கால்நடை மருத்துவரிடம் போனோம். "என்னம்மா சாப்பிட்டான்?" என்று மருத்துவரம்மா உன் அண்ணியைக் கேட்க, நான் முந்திக்கொண்டு, "அவன் தீனி மட்டும்தான்" என்றேன். அந்த நேரம் பார்த்து மேசைமேலேயே கக்கினான் துரை. அதில் நூடுல்ஸ் இருந்தது.

மகன் மின்விசிறியைப் பார்த்தான். "ஒரே ஒரு வாய்தாம்ப்பா."

"நானும் ஒரு வாய்தான் மாமா, ஆம்லெட்டு. அவன் பாக்குற பார்வைக்கு எப்படி முழுங்குறது?" என்றாள் மருமகள். பேத்தி ஐஸ்கிரீமை நியாயமாகத்தான் பங்கிட்டிருக்கிறாள்: தனக்கு ஒரு நக்கு, அவனுக்கு ஒரு நக்கு.

உன் அண்ணி மட்டும், "நான் குடுக்கவே இல்ல. வெண்ணெய் கீழ விழுந்துச்சு" என்றாள்.

"எத்தனை தடவை?"

"தினமும்."

மருத்துவர் என்னைப் பார்த்து, "கட்டிப்போட வேண்டியது நாயை இல்ல சார்" என்றார்.

இத்தனை பேரில் தவறாதவன் நான் ஒருவனே. சர்க்கரைக்காக எனக்கு விதித்த ஓட்ஸ் கஞ்சியைக்கூட மிச்சம் வைப்பதில்லை. கிண்ணம் கழுவ வேண்டாத அளவுக்குப் பளபளக்கும். துரைக்கு இப்போது பத்தியம், உப்பில்லாத அவித்த கோழியும் குழைந்த சோறும். ஊட்டுவதும் நான், அரை மணிக்கொருதரம் வெளியே கூட்டிக்கொண்டு ஓடுவதும் நான். கால் இரண்டும் கழன்றுபோச்சு. உடனே வந்து அழைத்துப் போ. ஆனால் இனி அண்ணனை நம்பி எதையும் விடமாட்டேன் என்று மட்டும் சொல்லிவிடாதே. எனக்குத் தூக்கம் கெடுவது அதனால்தான்.

நீயும் மாப்பிள்ளையும் நல்ல செரிமானத்தோடு நெடுநாள் வாழ்க.

இப்படிக்கு,
குற்றமற்ற அண்ணன்

பி.கு.: அண்ணி எழுதுறேம்மா. தபால்ல போடச் சொல்லிக் குடுத்தார், படிச்சுட்டேன். கிண்ணத்தைப் பளபளன்னு ஆக்கினது துரையோட நாக்கு. கஞ்சி ஒட்டியிருந்தது அவன் மீசையிலதான். பத்தியக் கோழியில பாதி எங்க போகுதுன்னும் எனக்குத் தெரியும். ஆனா துரை பின்னாடி ஓடுனதுல உங்க அண்ணனுக்குச் சர்க்கரை நல்லா இறங்கிடுச்சு. அவரோட சர்க்கரை டாக்டர், "ஓட்ஸை விட்டுடாதீங்க, அருமையா வேலை செய்யுது"ன்னார். துரை ரெண்டு நாளா ஜம்முனுதான் இருக்கான். அதை நாங்க அவர்கிட்ட சொல்லல. இன்னும் ஒரு மாசம் அவனை இங்கயே விட்டு வை.