ஏத்திடலாம் இரண்டு முறை சொன்ன ‘முடியாது’

விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில் ஓடிய அத்தனை கம்ப்யூட்டர்களுக்குள்ளும் ஒருமுறையாவது தலையை விட்டுப் பார்த்த மனிதர் ஒருவர் உண்டென்றால், அது ஏத்திடலாம்தான். அம்மா அப்பா வைத்த பெயர் ஏதோ இருந்திருக்க வேண்டும். அது அவருடைய ரேஷன் கார்டுக்கு மட்டும் தெரியும். எந்தக் கிழட்டுப் பெட்டியைக் காட்டி, எவ்வளவு புதிய விண்டோஸைக் கேட்டாலும், மூடியைத் திறப்பதற்கு முன்பே "ஏத்திடலாங்க" என்பார். அதுவே பெயராக ஒட்டிக்கொண்டது. எனக்குத் தெரிந்து அந்த வாயிலிருந்து "முடியாது" என்ற சொல் இரண்டே இரண்டு முறைதான் வந்திருக்கிறது. இரண்டு தடவையும் நான் பக்கத்தில் இருந்தேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் விழுப்புரத்தில், ஒரு சைக்கிள் கடை மாடியில், நான் கம்ப்யூட்டர் சென்டர் நடத்திக்கொண்டிருந்தேன். பெயரில் ‘இன்டர்நேஷனல்’ உண்டு. அப்போது நான் பார்த்திருந்த அதிகபட்ச வெளிநாடு பாண்டிச்சேரி. என் தகுதி ஆறு மாத டிப்ளமோ. அதில் இரண்டு மாதம் கரண்ட் இல்லை. சென்னையில் ஏதோ ஓர் ஆபீஸ் தூக்கிப்போட்ட நான்கு கம்ப்யூட்டர்களை லாரியில் போட்டுக் கொண்டுவந்து, மேலே பூ வைத்து உட்கார வைத்திருந்தேன்.

விண்டோஸ் 98 வந்த புதிது. போர்டு எழுத வந்த பெயின்டர், "இன்னா சார் எழுதணும்?" என்று கேட்டதும் எனக்கு எங்கிருந்தோ வீரம் வந்துவிட்டது. ‘புத்தம் புதிய விண்டோஸ் 98 இங்கே கற்றுத் தரப்படும்’ என்று எழுதச் சொன்னேன். அவர் எழுதி முடித்து ஏணியை விட்டு இறங்கிய பிறகுதான் நான் மாடிக்குப் போய் சிடியைப் போட்டுப் பார்த்தேன். இந்தக் கம்ப்யூட்டருக்கு அந்தத் தகுதி இல்லை என்று திரையில் வந்தது. என்னைப் பற்றி என் பள்ளிக்கூட வாத்தியார்கள் சொன்னதும் அதேதான் என்பதால் நான் பெரிதாக அதிர்ச்சி அடையவில்லை. ஆனால் பெயின்ட் காய்வதற்குள் பதினேழு பேர் சேர்ந்துவிட்டார்கள்.

யாரோ கைகாட்ட, திண்டிவனத்திலிருந்து பஸ் ஏறி வந்தார் ஏத்திடலாம். அங்கே டிவி, ரேடியோ ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தவர். கையில் ஒரு மஞ்சள் பை. அதில் நியூஸ் பேப்பரில் சுற்றிய சிடிகள், ஒரு திருப்புளி, தூசி தட்ட ஒரு பெயின்ட் பிரஷ், பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கும் அழி ரப்பர் ஒன்று. நான்கு பெட்டிகளின் மூடியையும் கழற்றினார். உள்ளே இருந்த ரேம் துண்டுகளை உருவி, அவற்றின் பித்தளைப் பற்களை ரப்பரால் தேய்தேய் என்று தேய்த்தார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"தாத்தாங்க நாலு பேரும் நல்லாத்தான் கீறாங்க. இந்த சிடிதான் வாசப்படியில நின்னுக்கினு, வயசு இன்னா, ஒடம்பு எப்பிடின்னு கேள்வி கேக்குது. அந்தக் கேள்வியக் கேக்காம உள்ள போவச் சொல்லிட்டா ஏறிடும்."

"அப்படிச் சொல்ல முடியுமா?"

"ஏத்திடலாங்க."

ஏதோ இரண்டு எழுத்தைக் கூடுதலாகத் தட்டினார். சிடி வாயை மூடிக்கொண்டு வேலையைப் பார்த்தது. அவர் கணக்கில் பழைய கம்ப்யூட்டர் தாத்தா. புது விண்டோஸ் அந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்த மருமகள். "புதுசா வந்த பொண்ணு, பழைய வூடு. ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு பழவணும். நடுவுல நீங்க பூந்து பட்டனத் தட்டிக்கினு இருந்தா பேஜாராயிடும்" என்று எனக்கு அறிவுரை சொன்னார். சுவிட்சைப் போட்டதிலிருந்து திரை முழுசாகத் திறக்கும்வரை ஆகும் நேரத்தை அவர் கடிகாரத்தில் அளப்பதில்லை. டீயில் அளப்பார். ‘இது ரெண்டு டீ மிஷினு’ என்றால், கீழே இறங்கி, இரண்டு டீயை ஆற அமரக் குடித்துவிட்டு ஏறி வரலாம் என்று பொருள். என் மிஷின்கள் நான்கும் மூன்று டீ. என் மாணவர்கள் விண்டோஸ் கற்றார்களோ இல்லையோ, கீழே டீக்கடைக்காரர் இன்னொரு பாய்லர் வாங்கினார்.

இந்த லட்சணத்தில் எனக்குப் பெண் பார்த்தார்கள்.

பெண்ணுக்கு ஊர் கெடார் பக்கம். பெயர் பூங்கொடி. திருவக்கரை கோயிலில் ஒரு பௌர்ணமி அன்று, இரண்டு வீட்டாரும் தற்செயலாகச் சந்தித்துக்கொள்வதாகத் திட்டம். நான் டை கட்டிக்கொண்டு போயிருந்தேன். கோயிலுக்கு டை கட்டிக்கொண்டு போன ஒரே பக்தன் நான்தான். தரிசனம் முடிந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, மிடுக்காக நடந்துபோய் அவள் முன்னால் நின்றேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. காலைப் பார்த்துவிட்டு, "ரெண்டுமே இடது கால் செருப்புங்க" என்றாள். எங்களுக்குள் நடந்த முதல் பேச்சு அதுதான். அந்த இடத்திலேயே நான் தீர்ந்துபோனேன். இவள் இல்லாவிட்டால் வாழ்நாள் முழுக்க இரண்டு இடது கால் செருப்போடுதான் நடப்போம் என்று தோன்றிவிட்டது.

மூன்று மாதம் தகவலே இல்லை. பிறகு ஒருநாள் சொல்லி அனுப்பினார்கள்: பெண்ணின் அப்பா வெள்ளிக்கிழமை காலை சென்டரைப் பார்க்க வருகிறார். மிஷின் ஓடுவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் பேச்சு. பார்க்கப் பிடிக்காவிட்டால், வேறு வரன் தயாராக இருக்கிறது.

நான் திண்டிவனத்துக்கு ஓடினேன். "மூணு டீக்கெல்லாம் அவர் உட்கார மாட்டாருங்க. எதையாவது பண்ணுங்க" என்று கிட்டத்தட்ட காலில் விழுந்தேன். ஏத்திடலாம் யோசித்தார். "மூணு பொட்டியில கீற ரேமையும் உருவி ஒரே பொட்டியில போட்டுட்டா அது ஒண்ணர டீயில ஏந்திரிக்கும். ஆனா மத்த மூணும் சும்மா குந்திக்கினு இருக்கும். பரவால்லியா?" என்றார்.

"அதையெல்லாம் யாருங்க போட்டுப் பார்க்கப் போறாங்க?" என்று சொன்னவன் நான்.

வெள்ளிக்கிழமை வந்தார் என் வருங்கால மாமனார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, கையில் அவித்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, ஒரு பை. நாற்காலியில் உட்கார்ந்து, "போடு தம்பி" என்றார். போட்டேன். பதினொரு நிமிடம். அவர் மல்லாட்டையை உரித்துத் தின்றுகொண்டு திரையைப் பார்த்தார். அந்தப் பதினொரு நிமிடமும் நான் பேசினேன். அமெரிக்காவிலிருந்து ஆள் கேட்கிறார்கள் என்றேன். அடுத்த வருடம் மதுரையில் கிளை என்றேன். ஏத்திடலாம் மூலையில் நின்று என்னைக் கவலையோடு பார்த்துக்கொண்டிருந்தார். திரை திறந்தது. மாமனார் தலையை ஆட்டினார். எனக்கு மேளச் சத்தம் கேட்டது.

"மத்த மூணு?" என்றார்.

"அது ஷிப்டு முறைங்க. நாலையும் ஒண்ணா போட்டா சூடாயிடும்."

அவர் வாழ்க்கை முழுக்க பம்ப்செட்டோடு பழகியவர். ‘சூடாயிடும்’ என்றெல்லாம் அவரிடம் சொல்லக் கூடாது. எழுந்துபோய்த் தானே மூன்று சுவிட்சையும் வரிசையாகத் தட்டிவிட்டார். ரேம் இல்லாத கம்ப்யூட்டர் சும்மா இருக்காது. பீய்ங்... பீய்ங்... என்று மூன்றும் ஒப்பாரி வைக்க ஆரம்பித்தன.

"இன்னா தம்பி இது?"

"வணக்கம் சொல்லுதுங்க."

"எம்மாம் நேரம் சொல்லும்?"

நான் டையைச் சரிசெய்துகொண்டேன். ஏத்திடலாம்தான் வந்து மூன்று பிளக்கையும் பிடுங்கினார். "ஐயா, உங்க கிட்ட பொய் சொல்லக் கூடாது. மூணுத்துலயும் சரக்கு இல்ல. நான்தான் கழட்டி இதுல மாட்டினேன். நாலும் தனித்தனியா ஓடும், மெதுவா ஓடும். நீங்க வர்றீங்கன்னு ஒண்ண மட்டும் ஜல்தியா ஓட வெச்சோம்" என்று சொல்லி, மூடி இல்லாத பெட்டிக்குள் இருந்த நான்கு துண்டுகளையும் தொட்டுத் தொட்டுக் காட்டினார்.

மாமனார் குனிந்து பார்த்தார். "அட, இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா? நாங்க பங்காளிங்க மூணு பேரு. கெணறு மூணு, ஆயில் இன்ஜின் ஒண்ணு. மாட்டு வண்டியில ஏத்திக்கினு போயி மாத்தி மாத்தி மாட்டிக்கினுதான் இத்தினி வருசமா தண்ணி பாய்ச்சறோம்" என்றார். நான் மூச்சு விட்டேன். அவர் என் பக்கம் திரும்பினார். "மிஷினு மெதுவா போனா பரவால்ல தம்பி. உன் வாயி ரொம்ப ஜல்தியா போவுது."

பிறகு ஏத்திடலாமை மேலும் கீழுமாகப் பார்த்தார். "ஒனக்குக் கண்ணாலம் ஆயிடுச்சா?"

"இல்லீங்க."

"எம் பொண்ணக் கட்டிக்கிறியா?"

எனக்குக் கீழே சைக்கிள் கடை, அதற்குக் கீழே பூமி, எல்லாம் திறந்து வழிவிட்டது போல இருந்தது. ஊரில் உள்ள எல்லாவற்றுக்கும் ‘ஏத்திடலாங்க’ என்று சொல்லும் மனிதர் அல்லவா! வழக்கம்போல வாய் தவறிச் சொல்லித் தொலைத்தால் என் கதி என்ன?

"முடியாதுங்க" என்றார் ஏத்திடலாம்.

முதல் முறை.

"இந்த மிஷின தொறக்கறதுக்கு ஒரு பூட்டு கீதுங்க. ஒரு பேரு அடிச்சாத்தான் தொறக்கும். அது எந்தப் பேருன்னு கேளுங்க. மூணு மாசமா இவரு அடிச்சிக்கினு கீறது உங்க பொண்ணு பேருதாங்க."

என் பாஸ்வேர்டை நான் யாரிடமும் சொன்னதில்லை. ரிப்பேருக்கு வரும்போதெல்லாம் முதுகுக்குப் பின்னால் நின்றவர் விரலைப் பார்த்தே படித்திருக்கிறார். மாமனார் நம்பவில்லை. "மறுபடி பூட்டு" என்றார். பூட்டினோம். அதற்கு இன்னொரு அரை டீ ஆனது. "என் பேரப் போடு" என்றார். போட்டேன். திறக்கவில்லை. "என் பொஞ்சாதி பேரு." திறக்கவில்லை. "இப்பப் போடு, பூங்கொடின்னு." ஒவ்வொரு எழுத்தாக அடித்தேன். அவசரத்தில் ஒரு எழுத்து தவறி, மறுபடி அடித்தேன். திறந்தது.

விவரம் தெரிந்தவர்கள் இந்த இடத்தில் சிரிப்பார்கள். விண்டோஸ் 98-இல் அந்தப் பூட்டு ஒரு ஒப்புக்குப் பூட்டு. கீபோர்டின் மூலையில் இருக்கும் எஸ்கேப் பொத்தானைத் தட்டினால் பெயரே இல்லாமல் திறந்துகொள்ளும். ஏத்திடலாமுக்கு அது தெரியாதா? அந்த நேரம் முழுக்க அவர் சாதாரணமாகச் சாய்ந்து நிற்பவர் போல, தன் கட்டைவிரலை அந்தப் பொத்தானுக்குக் காவலாக வைத்திருந்தார்.

மாமனார் மல்லாட்டைத் தோலையெல்லாம் பையில் அள்ளிப் போட்டுக்கொண்டார். "கொல்லையில மல்லாட்டை புடுங்கி முடியட்டும். தையில வெச்சிக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினார்.

கல்யாணப் பத்திரிகையில் ஏத்திடலாமின் பெயரைப் போட வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். நிஜப் பெயரைக் கேட்டால், "அத்தப் போட்டா யாருக்குத் தெரியும்?" என்றார். ஆகவே எங்கள் பத்திரிகையில், உங்கள் வரவை விரும்புவோர் வரிசையில், தாய்மாமன்களுக்கு அடுத்தபடியாக ‘திரு. ஏத்திடலாம், திண்டிவனம்’ என்றே இருக்கிறது.

பூங்கொடி சென்டருக்கு வந்து ஒரே மாதத்தில் என்னைவிட நன்றாகப் பாடம் எடுத்தாள். எஸ்கேப் ரகசியத்தையும் கண்டுபிடித்தாள். ஊருக்குப் போனபோது அப்பாவிடம் போட்டும் கொடுத்துவிட்டாள். அவர் அசரவில்லையாம். "அந்த ஆளு அம்மாம் நேரம் வெரல எங்க வெச்சிக்கினு இருந்தான்னு நானுந்தான் பாத்தேன். ஒருத்தனுக்காக இன்னொருத்தன் அப்பிடி நிக்கறான்னா, அவன் கெட்டவனா இருக்க மாட்டான்" என்றாராம். நான் கெட்டவன் இல்லை என்பதற்கு இன்றுவரை இருக்கும் ஒரே சான்றிதழ் அதுதான்.

ஏத்திடலாமின் புகழ் அதற்குப் பிறகு கடற்கரை வரை போனது. மரக்காணத்தில் மீனுக்கு ஐஸ் போடும் ஒரு கம்பெனியில், உப்புக் காற்றில் துருப்பிடித்த பெட்டி ஒன்றில் விண்டோஸ் எக்ஸ்பியை ஏற்றினார். தாத்தா சூடாகிறார் என்று ஐஸ் அறைச் சுவரோடு ஒட்டி வைத்தார். மறுநாள் காலையில் அது குளிரில் எழுந்திருக்கவே இல்லை. சாக்கு போர்த்தி, பக்கத்தில் குண்டு பல்பு எரியவிட்டு எழுப்பினார். அப்புறம் அந்த மீன்காரர்கள் மாலையில் கடையைச் சாத்தும்போது அதற்குச் சாக்கு போர்த்தாமல் போனதே இல்லை. அங்கேயும் ‘முடியாது’ இல்லை.

வருடங்கள் ஓடின. சென்டரை மூடி, ஜெராக்ஸ் கடையாக்கி, நானும் டையைக் கழற்றிவிட்டேன். நான்கு பெட்டிகளில் மூன்று இரும்புக்குப் போயின. அந்த ஒண்ணரை டீ பெட்டி மட்டும் வீட்டில் துணி போர்த்திக் கிடந்தது. என் மகள் எட்டாம் வகுப்புக்கு வந்ததும் கம்ப்யூட்டர் வேண்டும் என்றாள். எனக்குப் பழைய வீரம் வந்துவிட்டது. ஏத்திடலாமுக்கு போன் போட்டேன். கிழட்டுப் பெட்டிகளுக்கென்றே, விண்டோஸுக்குப் பதிலாக, ஏதோ லினக்ஸ் இலவசமாகக் கிடைக்கிறதாம். "ஏத்திடலாங்க" என்றார் போனிலேயே.

ஞாயிற்றுக்கிழமை வந்தார். தலை நரைத்திருந்தது, மஞ்சள் பை அதேதான். சுவிட்சைப் போட்டார். பூங்கொடி டீ போட்டாள். ஒண்ணரை டீ இப்போது இரண்டு டீ ஆகியிருந்தது. கடைசியில் திரையில் அந்தப் பூட்டு வந்து நின்றது. ஏத்திடலாம் கீபோர்டை என் மனைவி பக்கம் நகர்த்தினார்.

எஸ்கேப் அவள் விரலுக்கு நேராக இருந்தது. அவள் தட்டவில்லை. தன் பெயரை ஒவ்வொரு எழுத்தாக, பொறுமையாக அடித்தாள். திறந்தது.

ஏத்திடலாம் திரையைப் பார்த்தார். பிறகு திருப்புளியைப் பையில் போட்டார்.

"முடியாதுங்க" என்றார்.

"போன்ல ஏத்திடலாம்னீங்களே?"

"புதுசு ஏத்தினா இந்தப் பூட்டு போயிடுங்க" என்று சொல்லிவிட்டு மீதி டீயைக் குடித்தார். அடுத்த வாரம் திண்டிவனத்திலிருந்து தன் வீட்டுக் கம்ப்யூட்டரை பஸ்ஸில், மடியில் வைத்துக்கொண்டு வந்து, என் மகள் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். நான் தடுத்ததற்கு, "எனக்கு இன்னொண்ணு ஏத்திக்கிறேங்க" என்றார்.

இப்போதும் சில ஞாயிறுகளில் நானும் பூங்கொடியும் அந்தப் பழைய பெட்டியின் சுவிட்சைப் போட்டுவிட்டு எதிரே உட்காருகிறோம். அவள் டீயை மூன்று பேருக்குப் போடுகிறாள். திண்டிவனம் பஸ்ஸில் அவர் வந்தாலும் வரலாம்.