கட்டையில்லாமல் லூடோ ஆடிய மிஸ்ஸி

மத்ரஸாப் பிரம்புக்கும் வாப்பாவின் பெல்ட்டுக்கும் அடங்காத கல்முனைக் கரையோரத்து ஆண்பிள்ளைகளை, ஒரேயொரு லூடோப் பலகையை வைத்துக்கொண்டு நல்லவர்களாக்கிய மனுசி இந்த உலகத்தில் லூடோ மிஸ்ஸி ஒருவர்தான். நிரந்தரமாக அல்ல, ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த காலம் மட்டும். அதுவே எவ்வளவு பெரிய காரியம் என்று எங்கள் ஆட்களைத் தெரிந்தவர்களுக்கு விளங்கும்.

எங்கள் பக்கத்தில் தாதிமாரை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம். அவருக்குச் சொந்தமாக ஒரு பெயர் இருந்திருக்க வேண்டும். வெள்ளைச் சட்டையில் குத்தியிருந்த தகட்டில் அது எழுதியும் இருந்தது. ஆனால் அதை எழுத்துக்கூட்டி வாசிக்கும் அளவுக்கு அவர் ஓரிடத்தில் நின்றதை யாரும் கண்டதில்லை. ஐம்பது வயது, குள்ளமான உருவம், மட்டக்களப்புப் பக்கத்துக் கத்தோலிக்கப் பெண். காய்ச்சல் பார்க்கும் கண்ணாடிக்குழலை எடுக்கப் பைக்குள் கைவிட்டால் முதலில் செபமாலை வரும், பிறகு சிவப்பு, மஞ்சள் லூடோக் காய்கள் வரும், கடைசியில்தான் கண்ணாடிக்குழல்.

எழுபதுகளின் கடைசியில் மருதமுனையில் இடுப்பில் உடுக்கிற சாரம் நெய்விக்கிற முதலாளி ஒருவரிடம் நான் வேலை செய்தேன். ஒருநாள் சைக்கிளில் சாரப்பொதியை மலைபோல் ஏற்றிக்கொண்டு வரும்போது, எதிரே வந்த பஸ்ஸுக்கு மரியாதையாக வழிவிட்டேன். பஸ் போய்விட்டது. நான் மதகுக்குள் கிடந்தேன். சாரங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. என் தொடை எலும்புதான் இரண்டாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் காலைத் தூக்கிக் கயிற்றில் மாட்டி, மறுமுனையில் பாரத்தைக் கட்டித் தொங்கவிட்டார்கள்.

அந்த வாட்டில் நிம்மதியாகக் கிடந்தவன் ஒருவனும் இல்லை. வேளாண்மை விளைந்து கிடக்கிறதே என்று ஒருவன் புரளுவான். தோணியை யார் பார்ப்பான் என்று இன்னொருவன் முனகுவான். இந்தப் புரளலுக்கெல்லாம் மிஸ்ஸி கண்டுபிடித்த மருந்துதான் லூடோ. மருந்துத் தள்ளுவண்டியின் மேல்தட்டில் பலகை இருக்கும். வண்டி எந்தக் கட்டிலுக்குப் போகிறதோ அந்தக் கட்டில்காரர் தாயக்கட்டையை உருட்ட வேண்டும். ஊசி ஏறுகிற நேரத்தில் ஆறு விழுந்தால் வலிக்காது என்பது அவருடைய வைத்தியம்.

நடந்துகொண்டே செபிப்பார். ஒரு கட்டிலுக்கு ஒரு அருள்நிறைந்த மரியே. ஆள் சுகமாகிப் போய்விட்ட வெறுங்கட்டில் என்றாலும் அதற்கும் ஒன்று உண்டு.

"முழந்தாள்ல நிண்டு செபிக்க எனக்கெங்க மனே நேரம்? ஆண்டவருக்கு என்னோட கதைக்கிறதெண்டா என்ர பின்னால நடந்து வரச் சொல்லுங்க" என்பார்.

இந்த ஆட்டத்துக்கு முதல் ஆப்பு வைத்தவர் சாய்ந்தமருது லெப்பை. ஓதிக்கொடுக்கிற மனிதர், குடலிறக்கத்துக்கு வெட்டிப் படுத்திருந்தார். வண்டி அவருடைய கட்டிலடிக்கு வந்ததும் கையை உயர்த்தினார்.

"மிஸ்ஸி, கட்டை உருட்டுறது எங்களுக்கு ஹராம். நான் ஆடமாட்டன். ஆடுறவனையும் பாத்துக்கொண்டு கிடக்க ஏலா."

மிஸ்ஸி கோபிக்கவில்லை.

"எனக்கும் அது கனநாளா உறுத்திக்கொண்டுதான் இரிக்கு லெப்பை. சிலுவையடியில எங்கட ஆண்டவர்ட உடுப்புக்கே சீட்டுப் போட்டவங்கள்" என்றார். அடுத்த கணம் கட்டை ஜன்னலால் பறந்தது. வெளியே யாரோ "ஆர்டா அது?" என்று கத்தினார்கள்.

மறுநாள் காலையில் புதுச் சட்டம் வந்தது. இனிக் கட்டை இல்லை. ஒரு நல்ல காரியம் செய்தால் காய் ஒரு கட்டம் முன்னே போகும். தூஷணம் பேசினால் பின்னே வரும். வீட்டுக்குள் இருக்கிற காயை வெளியே எடுக்க முன்பு ஆறு விழ வேண்டும் அல்லவா? அதற்குப் பதிலாக, தனக்குப் பிடிக்காத ஒருவரைப்பற்றி ஒரு நல்ல வார்த்தை வாயால் சொல்ல வேண்டும். தீர்ப்பு மிஸ்ஸியுடையது. அப்பீல் கிடையாது.

லெப்பை மார்க்கத்தில் இதற்குத் தடை உண்டா என்று நெடுநேரம் யோசித்தார். கிடைக்கவில்லை. "என்ர மாமியார் மீன் ஆணம் நல்லாக் காச்சுவா" என்று தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார். மஞ்சள் காய் வெளியே வந்தது. நான் என் முதலாளியைப் புகழ்ந்து நீலத்தை எடுத்தேன். அது என்னுடைய எலும்பு முறிவைவிட வலித்தது.

அதன்பிறகு அந்த வாட்டில் மனிதன் வாழ முடியாமல் போய்விட்டது. எங்கே பார்த்தாலும் நல்ல காரியம். தாகமில்லாதவன் வாயில் தண்ணீர் ஊற்றினார்கள். தூங்குகிறவனை எழுப்பி, "விசிறவா காக்கா?" என்று கேட்டார்கள். பீடியை விட்டுவிட்டதாக ஒருவர் அறிவித்து ஒரு கட்டம் போனார். மறுநாளும் அதே பீடியை விட்டு இன்னொரு கட்டம் கேட்டார். பக்கத்துக் கட்டிலுக்குத் தோடம்பழம் கொடுக்க எழும்பிய லெப்பைக்குத் தையல் விட்டுப்போனது. டொக்டர் போட்ட சத்தம் பஸ் ஸ்டாண்டுக்குக் கேட்டிருக்கும்.

அந்தக் கிழமைதான் நிந்தவூரிலிருந்து ஆதம்பாவாவையும் மீராசாகிபுவையும் கொண்டுவந்தார்கள். இருவரும் மச்சான் மச்சான். ஆதம்பாவா கட்டியது மீராசாகிபுவின் தங்கை பாத்தும்மாவை. இருவருடைய வயலும் ஒரே வரம்பில். அந்த வரம்பில் தண்ணீர் பாய்கிற வக்கடையை யார் எப்போது திறப்பது என்று தொடங்கிய பேச்சு மண்வெட்டிப் பிடியில் முடிந்திருந்தது. ஆதம்பாவாவுக்கு மண்டையில் தையல், மீராசாகிபுவுக்குக் கை முறிவு. இடமில்லாததால் எதிரெதிர்க் கட்டில். இருவரும் பொலிசில் முறைப்பாடும் கொடுத்திருந்தார்கள்.

பின்னேரம் நோயாளர் பார்க்கிற நேரத்தில் பாத்தும்மா சோற்றுக் கரியரோடு வருவாள். உள்ளே வரமாட்டாள். "அவனுக்கு ஒரு மிடறு தண்ணி குடுத்தாலும் என்ர வீட்டுப் படி மிதிக்காத" என்று புருசன் சொல்லியிருந்தான். "அவனுக்குச் சோறு கொண்டாற நீ எனக்குத் தங்கச்சி இல்ல" என்று அண்ணன்காரக் காக்கா சொல்லியிருந்தான். கரியரை வாட்டு வாசலில் வைத்துவிட்டு, முந்தானையை வாயில் கவ்விக்கொண்டு நிற்பாள். மணி அடித்ததும் பஸ்ஸுக்குப் போவாள். அந்தக் கொஞ்ச நேரம் எங்கள் ஒருவருக்கும் நல்ல காரியம் செய்யத் தோன்றாது.

மிஸ்ஸி ஆதம்பாவாவுக்குச் சிவப்பும் மீராசாகிபுவுக்குப் பச்சையும் கொடுத்தார். இருவரும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார்கள். ஆனால் ஊரே ஓடும்போது தன் காய் மட்டும் வீட்டுக்குள் குந்தியிருப்பதை எத்தனை நாளைக்குத்தான் பார்ப்பது? ஒருநாள் மீராசாகிபு முகட்டைப் பார்த்தபடி சொன்னான்.

"அவன்ட கை நல்ல பலமான கைதான். ஒரே அடியில எலும்பு ரெண்டு."

"அது புகழ்ச்சிதான். பச்சை வெளிய!" என்றார் மிஸ்ஸி.

ஆதம்பாவா துள்ளி எழும்பினான். "அப்ப நானும் சொல்றன். அவன்ட எருமை நல்ல எருமை."

"மாட்டைப் புகழ்ந்தாக் கணக்கில்ல."

"அத வளத்தவன் அவன்தானே மிஸ்ஸி!"

மிஸ்ஸி ஒரு கணம் யோசித்தார். சிவப்பும் வெளியே வந்தது.

காய் வெளியே வந்ததே தவிர, இருவரும் முகம் பார்க்கவில்லை. அதற்கிடையில் பலகையில் ஒரு விசித்திரம் நடந்தது. மத்தியானத் தூக்கம் கலைந்து பார்த்தால் சிவப்பும் பச்சையும் பின்னுக்கு நிற்கும், லெப்பையின் மஞ்சள் முன்னுக்கு நிற்கும். லெப்பை அதை அல்லாஹ் தந்த பரக்கத் என்று எடுத்துக்கொண்டார்.

ஒருநாள் பின்னேரம் மீராசாகிபு பலகையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, யாரும் எதிர்பாராதபடி, எதிர்க் கட்டிலைப் பார்த்துக் கேட்டான்.

"மச்சான், உங்கட செவப்பு நேத்து மூலை திரும்பித்தானே நிண்ட?"

ஆதம்பாவா மெல்லத் தலையைத் திருப்பினான்.

"ஓம் மச்சான். உங்கட பச்சை அதுக்கும் முன்னால நிண்ட. நான் கண்ட."

"அப்ப இது களவு!"

"பச்சைக் களவு!"

இருவரும் ஒரே குரலில் மிஸ்ஸியைக் கூப்பிட்டுச் சண்டைக்கு நின்றார்கள். ஒருவன் மற்றவனுக்குச் சாட்சி சொன்னான். சத்தம் வராந்தா தாண்டிப் போனது. அப்போதுதான் பஸ்ஸால் இறங்கி வந்த பாத்தும்மாவுக்கு இருவருடைய குரலும் கேட்டது. மறுபடியும் வெட்டிக்கொள்கிறார்கள் என்று நினைத்துவிட்டாள். கரியர் வாசலில் விழுந்து உருண்டது, சோறும் மீன் ஆணமும் சீமெந்துத் தரையில் ஓடின. "அல்லாஹ்வே, ரெண்டு பேரையும் ஒண்டாப் புதைக்கவா நான் பொறந்த!" என்று அலறிக்கொண்டு ஓடிவந்து இரண்டு கட்டிலுக்கும் நடுவில் கைகளை விரித்து நின்றாள்.

"கொஞ்சம் தள்ளு புள்ள, பலகை மறைக்குது" என்றான் புருசன்.

"ஓம், தள்ளு. மச்சான்ட காயைக் களவா நகத்திப்போட்டாங்க" என்றான் காக்கா.

அவள் ஒருவனைப் பார்த்தாள், மற்றவனைப் பார்த்தாள். அப்படியே சீமெந்தில் குந்திவிட்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எங்களுக்குத் தெரியவில்லை. பிறகு எழும்பி இருவரையும் ஏசத் தொடங்கினாள். மணி அடித்தும் நிறுத்தவில்லை. அன்று இருவரும் ஆஸ்பத்திரிப் பாண்ரொட்டியைத்தான் தின்றார்கள், தலையைக் குனிந்துகொண்டு.

மறுநாள் ஊசியோடு வந்த மிஸ்ஸியிடம் மெதுவாகக் கேட்டேன். "மிஸ்ஸி, வேணுமெண்டுதானே நகத்தின?"

"நான் செபம் பண்ணின மனே. மிச்சத்த ஆண்டவர் பாத்துக்கொண்டார்." சிரிஞ்சை உயர்த்திப் பார்த்தார். அவருக்குப் பொய் வராது. "காயை நகத்தினது நான்தான். சனிக்கிழமை பாதரிட்டப் போய்ப் பாவசங்கீர்த்தனமும் செய்த."

"பாதர் என்ன சொன்ன?"

"இனிமேச் செய்யப்படாது எண்டார். பாப்பம் எண்டு சொல்லிட்டு வந்த."

சுகமாகிப் போன மச்சான்மார் ஒரே சைக்கிளில் போய் முறைப்பாட்டை வாபஸ் வாங்கினார்கள். வக்கடைச் சண்டை தீர்ந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். போகத்துக்குப் போகம் நடந்தது. ஆனால் வாயால் மட்டும். பாத்தும்மா இரண்டு வீட்டுக்கும் போய்வந்தாள்.

என்னுடைய கயிற்றையும் ஒருநாள் அவிழ்த்தார்கள். ஊன்றுகோலைத் தந்துவிட்டு, "இனி இந்தப் பக்கம் உங்கட தலைக்கறுப்பே காணப்படாது. போங்க, சுகமா இரிங்க" என்று மிஸ்ஸி என்னைத் துரத்தினார்.

அடுத்த மாதமே போனேன். வாட்டில் எல்லாம் புது முகங்கள். மிஸ்ஸி வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"என்ன மனே, கால் நோகுதா?"

"இல்ல மிஸ்ஸி."

"காய்ச்சலா?" நெற்றியில் கையை வைத்தார். "சூடில்லையே. ஆராவது தெரிஞ்ச ஆக்கள் படுத்திரிக்காங்களா?"

"ஒருத்தரும் இல்ல."

"பின்ன எதுக்கு வந்த?"

வண்டியில் இருந்த பலகையைப் பார்த்துக்கொண்டு, "சும்மாதான் மிஸ்ஸி" என்றேன்.