நிஜ ஊசியா, பொய் ஊசியா?

ராஜாங்கத்தின் இடுப்புவலி போய் ரெண்டு மாசம் ஆகிவிட்டது. விஷயம் அவருக்கு மட்டும்தான் தெரியும். மூங்கில்துறைப்பட்டுப் பக்கம், அவர்களுடைய கரும்புக் கழனியில் மனைவி ஆண்டாள் ஒண்டியாகக் காய்ந்த இலைச் சோகையை உரிப்பாள். இவர் கயிற்றுக்கட்டிலில் படுத்து முனகுவார். முனகலில் சுருதி சுத்தம்.

ஒருநாள் ஆண்டாள் அவரை பஸ் ஏற்றிக் கள்ளக்குறிச்சிக்குக் கூட்டிப்போய், இடுப்புவலிக்கான அக்குபஞ்சர் ஆராய்ச்சி ஒன்றில் சேர்த்துவிட்டாள்.

டாக்டர் முதல் நாளே சொல்லிவிட்டார்: "பாதிப் பேருக்கு நிஜ ஊசி. மீதிப் பேருக்குப் பொய் ஊசி. அது தோலைத் தொட்டதும் உள்ள குத்தாம, தன்னோட பிடிக்குள்ளயே போயிடும். யாருக்கு எதுன்னு சொல்லமாட்டோம்."

அன்றோடு ராஜாங்கத்தின் நிம்மதி போயிற்று. பொய் ஊசி என்றால் கவலையில்லை. 'பொய் ஊசிக்கு வலி எப்படிப் போவும்?' என்று வருஷம் பூராவும் படுத்துக்கிடக்கலாம். நிஜ ஊசி என்றால்? அதற்கும் கேட்காத வலியை டாக்டர்கள் சும்மா விடுவார்களா? எதுவென்று தெரியாமல் மனுஷன் எப்படி முனகுவது!

குப்புறப் படுத்துக் கழுத்தைத் திருகிப் பார்த்தார். இடுப்பில் ஒட்டிய வளையம்தான் தெரிந்தது. எந்த ஊசியானாலும் அதில் விறைப்பாக நிற்கும். பக்கத்து ஆளைக் கேட்கலாமென்றால் நடுவில் திரை. ஊசி போடுகிறவர் வாயிலிருந்தோ "மூச்ச இழுங்க, விடுங்க" தவிர ஒரு வார்த்தை வராது.

வீட்டில் உட்கார்ந்தார், எழுந்தார், படுத்தார், புரண்டார். கட்டில்தான் முனகியது.

"ஆண்டாளு, அந்த ஆஸ்பத்திரி நர்ஸம்மா உனக்குப் பழக்கந்தான? எனக்கு இன்னா ஊசின்னு கேட்டுக்கினு வாயேன்."

"அதெல்லாம் சொல்லக்கூடாதாமுங்க."

"நைசா கேளு!"

அடுத்த வாரம் ஆண்டாள் காதோடு காதாகச் சொன்னாள். "நெசந்தாங்க. இருக்கறதிலயே நீளமானதாம்."

"நெசமாவா?"

"நெசமாத்தான். இதுக்கும் கேக்கலைன்னா, இடுப்பக் கிழிச்சுத்தான் பாக்கணுமாம்."

"கிழிச்சா? இரு, இரு... காலையிலேர்ந்து கொஞ்சம் கம்மியாத்தான் இருக்குது."

மறுநாள் இன்னும் கம்மி. அதற்கு மறுநாள் சோகை உரித்தார். வெட்டு வந்தபோது கரும்புக் கட்டைத் தலையில் தூக்கிக்கொண்டு டிராக்டருக்கு ஓடினார்.

ஆராய்ச்சியின் கடைசி நாள் டாக்டர் கேட்டார்: "உங்களுக்குப் போட்டது எந்த ஊசின்னு நெனக்கிறீங்க?"

"நெசங்க. சந்தேகமே இல்ல."

"அவ்வளவு உறுதியா எப்படிச் சொல்றீங்க?"

"நர்ஸம்மாவே எங்க வூட்டுக்காரிகிட்ட சொல்லிச்சே!"

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "நர்ஸம்மாவுக்குத் தெரியாதுங்க. எனக்கே தெரியாது. தெரிஞ்சா எங்க மூஞ்சியப் பாத்தே நீங்க கண்டுபிடிச்சிடுவீங்கன்னு, ஊசி போடறவரத் தவிர யாருக்கும் சொல்லல."

ராஜாங்கம் வெளியே பாய்ந்து வந்தார். ஆண்டாள் பஸ்ஸைப் பார்த்து நின்றுகொண்டிருந்தாள்.

"அடிப்பாவி! பொய்யா சொன்ன?"

"நீங்க சொன்ன வலி மட்டும் நெசமா?" என்றாள் ஆண்டாள். "ஏறுங்க, பஸ் வந்துடுச்சு. பக்கத்துக் கழனியையும் குத்தகைக்குப் பேசி முடிச்சிட்டேன்."