புளியமரத்து முனைக்கட்டை

எனக்கு ஒன்பது தொழில் தெரியும் என்று சொல்லிக்கொண்டு திரிந்த காலம் அது. அதில் எட்டு பொய். ஒன்பதாவது, பொய் சொல்வது.

ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஆலப்புழையில் ஒரு படகுப் பட்டறையில் ஆறு மாதம் இருந்தேன். (டீ வாங்கிக் கொடுத்தேன்.) அந்தத் தகுதியோடு சின்னமனூருக்குப் பக்கத்தில் சவரிமுத்துவின் மகள் ஸ்டெல்லாவைப் பெண் கேட்டுப் போனேன்.

அவர் தேங்காய்க் கொட்டகைக்குள் கூட்டிப் போய், விட்டத்தில் கவிழ்த்துக் கட்டியிருந்த பழைய வள்ளத்தைக் காட்டினார். எஸ்டேட் துரை ஒருவர் ஊரைவிட்டுப் போகும்போது சவரிமுத்துவின் அப்பாவுக்குக் கொடுத்தது. பலகைகள் திடமாக இருந்தன. அவற்றை இரண்டு முனையிலும் சேர்த்துப் பிடிக்கும் வளைந்த கட்டைகள்தான் உளுத்துவிட்டன.

"ஏலே, திருவிழாவுக்கு மாதா இதுலதான் கம்மாயச் சுத்தணும். மொனைக்கட்டைய மாத்தி மெதக்க விடு. அப்பறம் கல்யாணம் பேசுவோம்."

நேர்க்கட்டையை வளைத்தால் உடையும். வளைந்தே வளர்ந்த மரம் வேண்டும். பட்டறையில் என் காதில் விழுந்த ஒரே பாடம் அது. கண்மாய்க்கரையில் ஒரு புளியமரத்தைச் சாய்த்து, விறகையெல்லாம் அள்ளிப் போயிருந்தார்கள். வளைந்த ஒரு பெருந்துண்டு மட்டும் கிடந்தது. இரண்டு முனைக்கும் அளவெடுத்து வளர்ந்தது போல வளைவு.

"அதத் தொடாதீக," என்றார் அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மா.

"ஏன்?"

"தொடாதீகன்னா தொடாதீக."

அவருடைய ஆடுகளும் அந்தப் பக்கம் வரவில்லை. ஊரே ஏமாளி என்று நினைத்துக்கொண்டு வண்டியில் ஏற்றினேன்.

நட்ட நடு மத்தியானம் கொட்டகையில் வைத்து அறுத்தேன். ரம்பம் கிரீச்சிட்டு நின்றது. பட்டைக்குள் புதைந்து ஒரு நீள ஆணி. அதன் கழுத்தில் சுற்றியிருந்தது ஒரு கொத்து முடி.

எங்கள் பக்கத்தில் யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. பேய் பிடித்தவரின் உச்சிமுடியை மரத்தோடு வைத்து ஆணி அடித்து, பேயை அங்கேயே நிறுத்திவிடுவார்கள். காற்று அசையவில்லை. மேலே வள்ளம் மட்டும் மெல்லத் திரும்பியது. குறட்டால் ஆணியை முடியோடு உருவி, சட்டைப் பையில் போட்டேன். (இரும்பை வீணாக்காத பழக்கம்.) ஓட்டையில் மரத்தூளையும் பிசினையும் அடைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெள்ளோட்டம் பார்க்க ஊரே கரையில் நின்றது. நானும் சவரிமுத்துவும் ஏறினோம். பத்தடி போனதும் வள்ளம் தானாகத் திரும்பி, புளியமரம் நின்ற இடத்தைப் பார்த்தது. துடுப்பால் திருப்பினேன். மறுபடியும் அங்கேயே பார்த்தது. கட்டையைக் கோணலாக மாட்டியிருந்தேன், வாஸ்தவம். ஆனால் கோணல் வள்ளம் வட்டமடிக்கும். இது வட்டமடிக்கவில்லை, நேராகப் போனது.

"துடுப்பப் போடுறியா இல்லையாலே?"

"நான் போடல மாமா."

"நானும் போடலயே."

மரத்தின் வேர்முண்டுக்கு அருகே போனதும் ஓட்டையில் அடைத்திருந்தது 'டொப்' என்று தெறித்தது. வள்ளம் அவசரப்படாமல் எங்களுக்குக் கீழே உட்கார்ந்தது. இடுப்பளவு தண்ணீரில் நின்றோம். என் கல்யாணமும் அங்கேதான் மூழ்கியது என்று நினைத்தேன்.

ஸ்டெல்லாவின் அம்மா கரையிலிருந்து இறங்கி வந்தார். அதுவரை அவர் உரக்கப் பேசி யாரும் கேட்டதில்லை. துருக்கறை படிந்த என் பையிலிருந்து ஆணியை எடுத்து, அந்த முடியைத் தன் கூந்தல் நுனியோடு சேர்த்துப் பார்த்தார்.

"இது என் முடி," என்றார்.

சவரிமுத்து முடியை எட்டிப் பார்த்தார். "எப்ப அடிச்சாக?"

"உங்களக் கட்டிக்கிறதுக்கு முந்தி." பிறகு கண்மாய் அதிரும் குரலில் சொன்னார்: "பொண்ண இவனுக்கே குடுங்க. அடுத்த மாசமே."

மறுத்துப் பேச அங்கே ஆள் இல்லை. திருவிழாவுக்கு மாதா வழக்கம் போலத் தேரிலேயே போனார்.

கல்யாணம் முடிந்து ஏழு வருடமாகிறது. அத்தையின் குரல் இறங்கவே இல்லை. அவர் சத்தம் போடும்போதெல்லாம் ஸ்டெல்லா என்னைக் காட்டி, "உருவிவிட்டது இவுகதான்," என்பாள். மாமனார் என் காதருகே குனிந்து, "மாப்ள, நீளமா ஒரு ஆணி வாங்கிட்டு வாங்க," என்பார்.

விளையாட்டுக்கு ஒருமுறை வாங்கி, பையில் போட்டுக்கொண்டு வாசல்படி ஏறினேன். அத்தை உள்ளே அடுப்பைப் பார்த்தபடி நின்றிருந்தார். திரும்பவில்லை.

"அத வெளிய வச்சுட்டு உள்ள வாங்க, மாப்ள."